பக்கத்து இருக்கையின் பிரேக்

டீச்சர் யாரையும் திட்டியதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் இது ஓர் அதிசயம்தான். மற்ற பள்ளிகளின் மாஸ்டர்கள் காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம் தொண்டை கட்டும்வரை ஓயமாட்டார்கள். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று கேட்கத் தெரியாதவர் அந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. டீச்சரோ, மாணவர் தப்பான கியரைப் போட்டு வண்டி இருமிக்கொண்டு நடுத்தெருவில் நின்றால்கூட, “பரவாயில்ல, மறுபடி பாப்போம்” என்பாள். அதனால் மற்ற இடங்களில் அழுதுவிட்டு வந்தவர்களெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். கை நடுங்குகிறவர்கள், ஹாரன் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், கல்லூரியில் காலெடுத்து வைத்த கையோடு லைசென்ஸ் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் பிள்ளைகள். எல்லாரும் முதல் தடவையிலேயே தேர்வில் தேறிவிடுவார்கள். டீச்சருக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு.

அவளுடைய மகள்தான், லைசென்ஸ் கைக்கு வந்த இருபத்து மூன்றாம் நாள், பட்டப்பகலில், தண்ணீர்த் தொட்டி இறக்கத்து வளைவில் காரைக் கொண்டுபோய்க் கிடங்குச் சுவரில் மோதினாள். மகளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த இரண்டு தோழிகள் சிராய்ப்போடு தப்பினார்கள். முன்னால், ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாயாடி அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

வாயாடி என்பது டீச்சரின் குடியிருப்பு முழுவதும் சேர்ந்து வைத்த பெயர். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் ஒரே மகள். மாடிப்படியில் ஏறும்போதே அவள் குரல் மூன்று மாடிக்கும் முன்னால் ஏறிப்போகும். டீச்சரின் மகளும் அவளும் பால் பல் விழாத வயதிலிருந்து ஒரே வகுப்பு. விபத்து நடந்த அன்றைக்குக் காலையில் தையல் அக்கா வாசலில் நின்றுகொண்டு கொஞ்சம் தயங்கினாள். “நாலு பொண்ணுங்களா தனியா போறாங்களே, டீச்சர்” என்றாள். டீச்சர்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “என் பொண்ணு ஓட்டுறாக்கா. கண்ண மூடிக்கிட்டு அனுப்புங்க.”

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது டீச்சருக்குத் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மகள் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “எப்பவும் போடுற எடத்துலதாம்மா பிரேக் போட்டேன். எப்பவும் போடுற மாதிரிதான் போட்டேன். வண்டி நிக்கல.”

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் இருந்த தோழிகள், உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது என்றும், நாலு பேரும் கூடச் சேர்ந்து பாடினார்கள் என்றும், வாயாடி கைபேசியில் படம் எடுத்தாள் என்றும் சொன்னார்கள். அதோடு ஊருக்குக் கதை முடிந்துவிட்டது. புதுசாய் ஓட்டக் கற்ற பெண், கூட மூன்று தோழிகள், பாட்டு, கூத்து. இதற்குமேல் என்ன வேண்டும்? பிரேக் போட்டேன் என்கிறாளே, அது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பொய். அடக்கம் முடிந்து வந்த தையல் அக்கா மாடிப்படியின் அடியில் நின்று, மேலே பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறைதான் சொன்னாள். “கொன்னதோட நிக்காம பொய் வேற சொல்றா.” பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். தையல் மெஷின் சத்தம் அன்றோடு நின்றது.

டீச்சரும் மகளை நம்பவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உண்மை அதுதான். பெற்றவள் என்பதால் தலையைத் தடவிக்கொடுத்தாள், ஸ்பூனில் கஞ்சி ஊட்டினாள். மனசுக்குள், பாட்டுச் சத்தத்தில் பிரேக்கை மறந்திருக்கிறாள் பாவி, என்றுதான் நினைத்தாள். தான் கற்றுக்கொடுத்ததில் குறை இருக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றவில்லை. இறக்கம் தொடங்கும் இடம், தொட்டியின் சுற்றுச்சுவர் முடியும் இடம், அங்கே பிரேக், பிறகு வளைவு. மகளை மட்டும் அந்த இறக்கத்தில் முப்பது தடவையாவது இறக்கியிருப்பாள்.

பத்தாம் நாள் வண்டிப் பரிசோதகர் கூப்பிட்டு அனுப்பினார். விபத்தான வண்டிகளைக் கொண்டுவந்து போடும் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் அவர்களுடைய சின்னக் கார், முகம் உள்ளே போய், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டுக் கட்டைகள்மேல் நின்றது. டீச்சர் முன்பக்க இருக்கையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனாள். பரிசோதகருக்கு டீச்சரைப் பல வருடமாகத் தெரியும். மனுஷனுக்குப் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல டீச்சர். எண்ணெய் கசியல, பிரேக் கட்டை தேயல. நானே மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது.”

“அப்ப அவ பிரேக்கே போடலையா?”

“அதான் வேடிக்கை. போட்டிருக்கா. பின்னால ஒரு லாரி வந்திருக்கு. அந்த டிரைவர் வாக்குமூலம் குடுத்திருக்கார். தொட்டிச் சுவர் முடியிற எடத்துலேருந்து கடைசி வரைக்கும் பின் விளக்கு செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். ஆனா ரோட்டுல ஒரு டயர் தடம்கூட இல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பிரேக்க மிதிக்கல டீச்சர், சும்மா தடவியிருக்கா. ஐம்பதுல வர்ற வண்டி அந்த எறக்கத்துல அதுக்கெல்லாம் மசியுமா? உங்ககிட்ட கத்துக்கிட்ட பொண்ணு இப்படித் தடவுவாளான்னுதான் எனக்குப் புரியல.”

அவருக்குப் புரியாதது அவளுக்கு அந்த நிமிஷமே புரிய ஆரம்பித்திருந்தது. புரியக் கூடாது என்று மனசைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயிலில் வெளியே வந்தாள்.

விஷயம் இதுதான். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறினால் மாஸ்டர் தன் காலால் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். அப்படி மாஸ்டர் மிதித்தால் உள்ளே ஒரு பஸ்ஸர் ‘கீ’ என்று கத்தும். இது நீ நிறுத்தினதில்லை, அவர் நிறுத்தினது என்று மாணவருக்குத் தெரியவேண்டுமே, அதற்காக. டீச்சர் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வங்கிக் காசாளர் அம்மா அவளிடம் படித்தாள். பஸ்ஸர் கத்தும்போதெல்லாம் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிடும். ஐந்தாம் நாள் ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்து, “என்னால முடியாது, நான் லாயக்கில்லாதவ” என்று தேம்பித் தேம்பி அழுதாள். அன்று சாயங்காலம் டீச்சர் குனிந்து பஸ்ஸருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் பஸ்ஸர் கத்தவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம், தனக்கு வண்டி படிந்துவிட்டது என்று. பத்து நாளில் தேறினாள். டீச்சர் அந்த ஒயரை மறுபடி மாட்டவே இல்லை.

அதற்குப் பிறகு டீச்சரின் கால் வாயில்லாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டது. மாணவர் பிரேக்கை அரைகுறையாய் அழுத்துவார், மிச்சத்தை டீச்சர் அழுத்துவாள். வண்டி அழகாக வேகம் குறையும். “பாத்தீங்களா, எவ்வளவு நல்லா போடுறீங்க” என்பாள். பொய் என்று நினைத்துச் சொன்னதில்லை. கால் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வரும், அவள் அறிந்தும் அறியாமலும். பேருந்தில் போகும்போதுகூட முன்னால் சிக்னல் விழுந்தால் அவள் செருப்பு தரையை அழுத்தும். ஒற்றைச் செருப்பின் முன்பாதி மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோவதைப் பார்த்து வீட்டுக்காரர் கேலி செய்வார். தேர்வு நடக்கும் மைதானமோ உள்ளங்கை மாதிரிச் சமம். ஆமை வேகத்தில் நாலு வளைவு, ஒரு பின்னோட்டம், அவ்வளவுதான். அங்கே பிரேக்கைத் தடவினாலே வண்டி நின்றுவிடும். அதனால் யாருக்கும் எதுவும் தெரிய வழியில்லாமல் போயிற்று. தேறிப் போனவர்களில் சிலர் முதல் மாதத்திலேயே போன் செய்து, கேட்டில் இடித்துவிட்டேன், முன்னால் போன வண்டியின் முதுகில் முட்டிவிட்டேன் என்பார்கள். “புதுசுல எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று டீச்சர் ஆறுதல் சொல்வாள்.

மகளுக்கு? மகள் என்பதால் கூடக் கொஞ்சம். மற்றவர்களுக்கு அரை அங்குலம் மிதித்த கால் மகளுக்கு ஓர் அங்குலம் மிதித்திருக்கும். லைசென்ஸ் வந்த பிறகு, அந்தப் பக்கத்து பிரேக் இல்லாத வீட்டுக் காரை மகள் சமமான தெருக்களில் மெதுவாகத்தான் ஓட்டியிருந்தாள்; அந்த இறக்கத்தில் அம்மா இல்லாமல் இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் பத்து மணிக்கு டீச்சருக்கு ஒரு வகுப்பு இருந்தது. நர்ஸ் படிப்புப் படிக்கிற பெண், பத்தொன்பது வயது, பதினாறாவது வகுப்பு. நாலு நாளில் அவளுக்குத் தேர்வு. டீச்சர் அவளைத் தண்ணீர்த் தொட்டி இறக்கத்துக்கு ஓட்டச் சொன்னாள். அந்தச் சுவரை அவள் பத்து நாளாகத் தவிர்த்துக்கொண்டு வந்தவள். இறக்கத்தின் மேலே நிறுத்தச் சொல்லி, கீழே வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்தாள். ரோடு காலி. “முப்பதுக்கு மேல போகாத. எப்பவும் போடுற எடத்துல, எப்பவும் போடுற மாதிரி பிரேக் போடு” என்றாள். பிறகு தன் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

வண்டி இறங்கியது. தொட்டிச் சுவர் முடிந்தது. அந்தப் பெண் பிரேக்கில் கால் வைத்தாள். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. எப்போதும்போல வேகம் குறையும் என்று உதட்டில் லேசான சிரிப்போடு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் குறையவில்லை. கிடங்குச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுவரில் மகள் மோதிய காரின் வெள்ளைப் பெயின்ட் கீறிய இடம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் காலை இன்னும் அழுத்தவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள், ஏன் இன்று இப்படி என்று கேட்கிற மாதிரி.

டீச்சர் காலை எடுத்து முழுப் பலத்தோடு மிதித்தாள். டயர் வீறிட்டது. சுவருக்கு ஆறேழு முழம் இருக்கையில் வண்டி குலுங்கி நின்றது.

“டீச்சர், பிரேக் போயிடுச்சு!” என்று அந்தப் பெண் அலறினாள். “நான் எப்பவும் போடுற மாதிரிதான் போட்டேன் டீச்சர், சத்தியமா! வண்டி நிக்கல!”

மகள் சொன்ன வாசகம்கூட மாறவில்லை. டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பக்கத்து இருக்கைக்கு மாறச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளியின் வாசலில் நிறுத்தினாள். ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பதினான்கு வருடத்தில் நடுப்பகலில் ஷட்டர் இறங்கியது அன்றுதான்.

வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர். கைவிரலில் எப்போதும் கறுப்பு மை. மகளின் விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாமல் வக்கீல் வாசலே கதியென்று கிடந்தார். டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“வக்கீல் எழுதிக் குடுத்துட்டார். வளைவுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு, அதக் காப்பாத்தப் போயி வண்டி திரும்பிடுச்சு. நாளைக்குக் காலைல இவ கையெழுத்துப் போட்டா போதும். பிரேக் போட்டேன், நிக்கலன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கணும். அது நம்பற மாதிரி இல்லையாம்.”

“எந்த நாய்ங்க?”

“ஏதோ ஒரு நாய். இவளும் சரின்னுட்டா.”

டீச்சர் சமையலறை வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். பஸ்ஸர் ஒயர், தன் கால், காலையில் அந்த நர்ஸ் பெண். அவர் முதலில் புரியாமல் விழித்தார். புரிந்ததும் எழுந்து போய் மகள் படுத்திருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வாய மூடு” என்றார், மெதுவாக. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொல்லாத வார்த்தை. “இத வெளிய சொன்னா பள்ளிக்கூடம் போகும், உன் லைசென்ஸ் போகும், உன்னையும் தூக்கி உள்ள வப்பான். இவமேல இருக்கிற கேஸ் மட்டும் அப்படியே நிக்கும். ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சோ அவதான் பொறுப்பு. ரெண்டு பேரையும் நான் பறிகுடுக்கணுமா? செத்தவ திரும்பி வரப்போறாளா?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக் காலையில் மகள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், சொன்ன ஒரே உண்மையையும் தானே பொய் என்று ஒப்புக்கொண்டவளாகிவிடுவாள். ஆயுசு முழுவதும், பாட்டுக் கேட்டுக்கொண்டே தோழியைக் கொன்றவள் நான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவாள், தூங்குவாள், பிள்ளை பெறுவாள். கேஸ் என்ன ஆனாலும் ஆகட்டும். அந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது. டீச்சர் வீட்டுக்காரரின் கையை விலக்கிவிட்டு அறைக்குள் போனாள்.

மகள் கையைக் கழுத்தோடு தொட்டில்போலக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்ததும் அவளே பேசினாள்.

“அம்மா, யோசிச்சுப் பாத்தேன். நான் பிரேக்கே போடலபோல. போட்ட மாதிரி நெனச்சுக்கிட்டேன்.”

“இல்லடி. நீ போட்ட.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத.”

“லாரிக்காரர் பாத்திருக்கார். விளக்கு எரிஞ்சிருக்கு. சொன்ன எடத்துல, சொல்லிக் குடுத்த மாதிரிதான் போட்டிருக்க.” டீச்சர் தன் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. அந்த எறக்கத்துல நீ ஒரு நாளும் வண்டிய நிறுத்தினதில்ல. ஒவ்வொரு தடவையும் நான்தான் இந்தப் பக்கத்துலேருந்து மிதிச்சேன். உனக்குத் தெரியாம. பஸ்ஸர் ஒயரப் புடுங்கி வச்சிருந்தேன்.”

மகள் அழுவாள், கத்துவாள், நிம்மதியாய்க் கட்டிக்கொள்வாள் என்று டீச்சர் என்னென்னவோ எதிர்பார்த்தாள். எதுவும் இல்லை. மெல்லத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப நான் ஓட்டினதே இல்லையா?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு நாள்கூடவா? சூப்பரா ஓட்டுறேன்னு அப்பாகிட்ட சொன்னியே? உன் பொண்ணு உன்ன மாதிரின்னு?”

“இல்லடி.”

“அவளும் அதத்தான் சொன்னா” என்றாள் மகள். “பக்கத்துல உக்காந்துக்கிட்டு, செமையா ஓட்டுறடி, இன்னும் கொஞ்சம் வேகமாப் போன்னு. நானும் ஓட்டுறேன்னு நெனச்சு மிதிச்சேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முறிந்த எலும்பு குலுங்க, வலியில் முனகிக்கொண்டே அழுதாள். டீச்சர் அணைக்கப் போனபோது நல்ல கையால் தள்ளிவிட்டாள். “என்னைத் தொடாத. கீழ போ. போயி அத்தைகிட்ட சொல்லு” என்றாள். தையல் அக்காவை அவள் சின்ன வயசிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

டீச்சர் கீழே போனாள். வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

தையல் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான் தடுப்பு. மெஷினின்மேல் துணி போர்த்தியிருந்தது. கொக்கிகளில் யார் யாரோ கொடுத்துவிட்டுப் போன பாதி தைத்த சட்டைகள் தொங்கின. அக்கா தரையில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உள்ளே வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அன்று காலையில் வாசலில், கண்ண மூடிக்கிட்டு அனுப்புங்க என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். பொத்தான் பிரிக்கும் விரல்கள் எங்கேயோ நடுவில் நின்றுவிட்டன.

“அப்ப உன் பொண்ணு பொய் சொல்லல” என்றாள் அக்கா. இத்தனை வருடமும் ‘நீங்க’ என்று பேசியவள்.

“சொல்லலக்கா.”

“பிரேக்குல கால வச்சிருக்கா.”

“வச்சிருக்கா.”

“நான் அந்தப் புள்ளைய வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.” அக்கா ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து, வெள்ளைப் பொத்தான்களோடு போட்டாள், பிறகு அதைத் திரும்ப எடுத்தாள். டீச்சர் கைகூப்பினாள். நாளைக்கே போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறேன், என்ன தண்டனை என்றாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

“உன் தண்டனைய வச்சு நான் என்ன பண்ண?” என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. “ஒண்ணு மட்டும் கேக்கறேன். உன்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாருமே இப்படித்தானா?”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்ப ரோட்டுல எத்தனை பேர் இப்படி ஓட்டிக்கிட்டு இருக்காங்க? பக்கத்துல எத்தனை பேர ஏத்திக்கிட்டு?”

பத்து நாளாக டீச்சர் தன் மகளைப் பற்றியும், தன்னைப் பற்றியும்தான் நினைத்தாள். இது அவள் தலையில் ஏறவே இல்லை. எழுந்து வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை, பள்ளிக்கு ஓடினாள். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, மாணவர் பதிவேட்டை மேஜைமேல் விரித்தாள்.

பழையவர்கள் இதற்குள் தாங்களே அடிபட்டும் பயந்தும் பிரேக்கைக் கற்றிருப்பார்கள். ஆபத்து புதியவர்களுக்குத்தான். கடைசி ஆறு மாதத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர், அதில் முப்பது பேருக்குமேல் இருபது வயதைத் தாண்டாதவர்கள். டீச்சர் கடைசியாகத் தேறியவரிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொருவராய்ப் போன் செய்தாள். முதல் பெண் சிரித்தாள், “என்ன டீச்சர், திடீர்னு பயமுறுத்துறீங்க?” என்று. இரண்டாவது பையனின் அப்பாதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடு என்று குதித்தார். அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “சாவிய மட்டும் வாங்கி வச்சுக்குங்க சார்” என்றாள். மூன்றாவதும் ஒரு பெண். “நான் போன வாரம் ஒரு பெரியவர் சைக்கிள்ல முட்டிட்டேன் டீச்சர். அவருக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு லாயக்கு இல்லன்னு நெனச்சு வண்டியத் தொடவே இல்ல” என்றாள். தொடாதே, நானே வந்து சரியாகச் சொல்லித் தருகிறேன் என்று டீச்சர் சொன்னாள். அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள்.

நான்காவது, மருந்துக் கிடங்கில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞன். லைசென்ஸ் வாங்கி இரண்டு வாரம். பயந்தாங்கொள்ளியாக வந்து, சிங்கமாகத் திரும்பிப் போனவன் என்று டீச்சரே பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளும் ஆள். மணி ஐந்தரை ஆகியிருந்தது. இரண்டு முறை மணி அடித்ததும் எடுத்துவிட்டான். பின்னணியில் என்ஜின் சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்டன, கூட யாரோ இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும்.

“சொல்லுங்க டீச்சர்! வண்டியிலதான் இருக்கேன். நம்ம பசங்களும் கூட இருக்காங்க.”

“யாரு ஓட்டுறா?”

“நான்தான் டீச்சர்! நம்ம தொட்டி எறக்கத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.”

“ஓரமா நிறுத்து. இப்பவே நிறுத்து. கால முழுசா வச்சு நல்லா அழுத்தி...”

“கேக்கல டீச்சர், காத்து. கவலப்படாதீங்க, உங்ககிட்ட கத்துக்கிட்டவன் நான்.” அவன் சிரித்தான். “ஒரு கையாலயே ஓட்டுறேன்னா பாத்துக்குங்க.”

டீச்சர் சட்டென்று இணைப்பைத் துண்டித்தாள். போன் பேசிக்கொண்டே அவன் அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது என்று மட்டும்தான் அந்த நொடியில் தோன்றியது. துண்டித்த பிறகுதான், அவனிடம் சொல்லவேண்டியது எதையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. விரல் மறுபடி அந்த எண்ணுக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. இப்போது அடித்தால், இறக்கத்தின் நடுவில் இருந்தாலும் எடுப்பான். டீச்சர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கமாட்டான், அவ்வளவு மரியாதை அவனுக்கு. அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அவனோ, அவனைப் பற்றிச் சொல்ல வேறு யாரோ கூப்பிட்டு அது அடிப்பதற்காகக் காத்திருந்தாள்.